இருபதாம் நிமிஷம்

முக்கூடல் பஸ்ஸில் வந்து இறங்கிய முப்புடாதி
முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே
என் மேசையில் வைத்தாள்
புகையிலை வாசம் அடிக்கிற ஒரு டிஸ்க்கை.

"மவனுக்கு மொட்டை போட்ட வீடியோ, அண்ணாச்சி.
புதுசா பெட்டி வாங்கினோம்.
இருவது நிமிசம் ஒழுங்காப் பேசுது.
பொறவு எல்லாரும் வாயசைக்காவ,
சத்தம் வரமாட்டேங்கு."

போட்டுப் பார்த்தேன்.
பந்தி. வாழை இலை.
சாம்பார் வாளியோடு ஓடுகிற சித்தப்பா.
ஓரத்தில் டிவி; யாரும் பார்க்காத ஒரு புதுப்படம்
அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.
இருபதாம் நிமிஷம்
அவள் அண்ணன் பலவேசம் இலையை மடித்துவிட்டு எழுகிறான்,
எச்சில் கையை உயர்த்தி
ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான்.
பெட்டி வாயை மூடிக்கொண்டது.
திரையில் ஒரு கட்டம்:
இந்த ஒலிக்கு அனுமதி இல்லை. குறியெண் மூன்று.

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.
கீழவீடு தங்கச்சிக்கு என்று
நூறு பேர் முன்னால் சொன்னவன்
இப்போது சொல்லவே இல்லை என்கிறானாம்.
நூறில் தொண்ணூறு பேருக்கு ஞாபகம் இல்லை.
மீதிப் பத்துப் பேருக்கு
அவன் கடையில் பற்று இருக்கிறது.

மூணு ராத்திரி மெனக்கெட்டேன்.
ஃபைலின் பெயரை மாற்றினேன், உருவை மாற்றினேன்,
சுருதியைக் கொஞ்சம் ஏற்றினேன்
(பலவேசம் கோழிக்குஞ்சு மாதிரிக் கத்த ஆரம்பித்தான்,
அதுவும் பத்தொன்பது நிமிஷம்வரைக்கும்தான்).
படக்கம்பெனிக்காரன்
சத்தத்துக்குள் ஒரு அடையாளம் வைத்திருக்கிறான்.
காதுக்குக் கேட்காது.
டிவியிலிருந்து கிளம்பி
பிள்ளை அழுகை, தட்டுச் சத்தம், குக்கர் விசில் தாண்டி
கேமராக்காரன் மைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது.
புதுப் பெட்டிகள் அதைத்தான் கேட்கின்றன.
நாம் பேசுவதை அல்ல.

இதை எப்படி விளக்க என்று நான் தலையைச் சொறிய
"கம்பெனி நூலு" என்றாள்.
"என்னது?"
"பீடி எந்தத் தெருவுல கெடந்தாலும்
நூல் கலரைப் பாத்தா கம்பெனி தெரியும்லா.
அவுத்தா பீடி உதுந்துரும்."
கொஞ்ச நேரம் கழித்து,
"நூலு பாக்கத் தெரியாதவன்
சும்மா பத்தவச்சு இழுத்துட்டுப் போயிருவான்" என்றாள்.

எனக்கு ஏன் தோன்றவில்லை.

பின்னறையில், செத்த ரிமோட்டுகள் குவிந்த அட்டைப்பெட்டிக்கு அடியில்
ஒரு பிளேயர் கிடந்தது.
செருப்புக்கடைக்காரர் ரிப்பேருக்குத் தந்து
கூலிக்குப் பயந்து திரும்பி வராதது.
மேல்மூடி இல்லை. கம்பெனி பேரும் அழிந்துவிட்டது.
இந்தச் சட்டமெல்லாம் வருமுன் பிறந்த பெட்டி,
இடது விலாவில் ரெண்டு தட்டு தட்டினால் சுற்றும்.

பத்தொன்பது.
இருபது.
இருபத்தொன்று.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க.
கீழவீடு எந் தங்கச்சிக்குத்தான். எங்கய்யா மேல சத்தியம்."
பின்னால் அந்தப் படத்தில் எவனோ
துப்பாக்கியால் சுடப்பட்டு விழுகிறான்.

"இன்னொருக்கா போடுங்க."
போட்டேன். மறுபடியும் போட்டேன்.
மூன்றாம் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை.
விரல்கள் மட்டும் மேசை விளிம்பில்
இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

"இது வக்கீல் வீட்டுப் பெட்டியில பேசுமா?"
"அவர் வச்சிருக்கது புதுசுன்னா பேசாது."
"இந்தப் பெட்டி என்ன வெல?"
முந்நூறு என்றேன். இருநூற்றைம்பது தந்தாள்.
இலை கட்டும் சாக்கில் அதை இறக்கி
இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கியவள்
திரும்பினாள்.

"நீங்களும் வரணும், அண்ணாச்சி.
ரெண்டு தட்டுன்னியள்லா,
எம்புட்டு வேகமா தட்டணும்னு எனக்குத் தெரியாது."

திங்கட்கிழமை கடை லீவு.